ஓடுகிறவர் வீட்டுத் தண்ணீர்

எபனேசர் வாத்தியார் பொட்டலுக்கு வந்தபோது சங்கரவடிவு டீச்சர் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதற்குள் சுண்ணாம்புத் தூள். தட்டத் தட்டப் பொட்டலில் வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே வந்தது.

"டீச்சர்."

"வா எபனேசர். கோட்ட மிதிச்சிராத."

அவர் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று வயது ஆள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக டிரில் மாஸ்டர். அவர் வருகிறார் என்றால் பிள்ளைகள் தானாக வரிசையில் நின்றுவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் சங்கரவடிவு டீச்சர் முன்னால் மட்டும் இன்னும் மாணவன்தான். உடற்பயிற்சிக் கல்லூரியில் அவருக்கு இரண்டு வருஷம் பாடம் எடுத்தவர் டீச்சர். இப்போது ஓய்வு பெற்று, சாயங்காலங்களில் பூங்காவை ஒட்டிய பொட்டலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விளையாட விடுகிறார். பயிற்சி கொடுக்கிறார் என்று சொல்ல முடியாது. அவரிடம் ஒரு விசில்கூடக் கிடையாது.

எபனேசரிடம் உண்டு. விசில் தொங்காத கழுத்தோடு அவரை ஊர் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு. அவர் மனைவி இன்றுவரை அதை மறுக்கவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கணும் டீச்சர்."

"கேளு."

"பிள்ளைங்கள எவ்வளவு வேகமா ஓட விடணும்?"

டீச்சர் அந்தக் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு பிள்ளைங்கள?"

எபனேசர் கழுத்து விசிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

"என் பிள்ளையத்தான்."

மகள் கெசியாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. "தினம் ஒரு மணி நேரம் ஓடியாடணும். வாரத்துல மூணு நாளாவது நல்லா மூச்சு வாங்கணும். இப்பப் பழகுறதுதான் நாப்பது வயசுல கூட நிக்கும்," என்றார். பிறகு எபனேசரின் கழுத்தில் கிடந்த விசிலைப் பார்த்தார். "நீங்க பி.டி. மாஸ்டரா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில் எபனேசருக்கு மானமே போய்விட்டது.

மறுநாள் காலை ஐந்தரைக்கே தொடங்கிவிட்டார். கெசியா முன்னால் ஓடுவாள். அவர் பின்னால் மொபெட்டில் வருவார். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அவள் கழுத்தில் விரல் வைத்து நாடியை எண்ணி, நோட்டில் எழுதுவார். எண் குறைந்தால், ஓடியது போதவில்லை என்று இன்னொரு ரவுண்டு.

முதல் வாரம் கெசியா அழுதாள். இரண்டாம் வாரம் வயிற்றுவலி என்றாள். மூன்றாம் வாரம் காலையில் பார்த்தால் ஷூ ரெண்டும் ஈரம். "பனி பெஞ்சிருக்கும்பா," என்றாள். கட்டிலுக்கு அடியில் பனி பெய்கிற ஊர் உலகத்திலேயே பாளையங்கோட்டை ஒன்றாகத்தான் இருக்கும்.

நேற்றுக் காலை அவர் கொஞ்சம் முன்னதாகவே எழுந்துவிட்டார். குளியலறையில் விளக்கு எரிந்தது. கெசியா குத்தவைத்து உட்கார்ந்து, ஷூவுக்குள் கப்பால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கப்பைக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு மட்டும்பா," என்றாள்.

எபனேசருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு இப்படிப் பயப்படுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"வேகம் கூடிப்போச்சா, கொறஞ்சுபோச்சான்னு தெரியல டீச்சர். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தாங்க நோட்டு."

டீச்சர் நோட்டை வாங்கவில்லை. கை முழுக்கச் சுண்ணாம்பு.

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் ஓட விடுவியா?"

"இப்படித்தான். என் மொத பேட்ச் ஞாபகம் இருக்கா டீச்சர்? மாவட்ட ஷீல்டு வாங்கினாங்களே. பன்னெண்டு பேரு, பன்னெண்டு ரவுண்டு. லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டு கூட. பேசினா மூணு. அப்படி இறுக்கித்தான் ஷீல்டு வந்துச்சு."

"அவங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"எங்க இருக்காவ?"

"முக்காவாசிப் பேரு இங்கதான்."

"ஞாயித்துக்கிழம ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வா. இன்னைக்கும் ஓடியாடுத ஆளு யாரோ, அவங்க வீட்டுல மட்டும் ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடி. மத்த வீட்டுல ஒரு சொட்டு குடிக்கக் கூடாது."

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான்."

எபனேசர் சிரித்துவிட்டார். "வயிறு முட்டித்தான் திரும்பி வருவேன்."

டீச்சர் அடுத்த கோட்டுக்குக் குனிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எபனேசர் மொபெட்டைக் கிளப்பினார். மாசி மாதக் கடைசி. பத்தரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

முதலில் பேச்சிமுத்து வீடு. நூறு மீட்டரில் அவனை அடிக்க அந்தக் காலத்தில் மாவட்டத்தில் ஆள் கிடையாது. இப்போது கீழே ஃபிளெக்ஸ் பேனர் கடை, மாடியில் வீடு. சார் வந்திருக்கிறார் என்றதும் அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டு இறங்கினான்.

"சார், வாங்க சார். ஏ சுகந்தி, சாருக்குத் தண்ணி கொண்டா."

"பேச்சிமுத்து, நீ கடைசியா எப்ப ஓடின?"

அவன் நேர்மையான பையன். யோசித்துத்தான் சொன்னான்.

"போன தீவாளிக்கு நாய் வெரட்டுச்சு சார்."

தண்ணீர் வந்தது. எபனேசர் தொடவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துகொண்டார்.

அடுத்தது செண்பகவல்லி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். பேங்கில் வேலை பார்க்கிறாள். அந்த வருஷம் அவள் வாங்கிய வெள்ளிக் கோப்பையைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதற்குள் கரண்டிகள் நின்றன. வாத்தியாரைப் பார்த்ததில் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஓடிப்போய் நன்னாரி சர்பத் கலந்து, ஐஸ் போட்டு, கொண்டு வந்து வைத்தாள்.

"இன்னும் ஓடுறியாம்மா?"

"நல்லா கேட்டிய போங்க. பத்தாங்கிளாஸ் கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு அந்த ஷூவக் கொண்டு போயி வாய்க்கால்ல போட்டேன் சார். அன்னைக்கு இருந்த நிம்மதி கல்யாணத்தன்னைக்குக்கூட இல்ல."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. பழைய நாளை நினைத்துச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து அவள் மகன் வந்து சோபாவில் ஏறிக் குதித்தான். எட்டு வயது இருக்கும்.

"ஏலே, இப்ப எறங்குதியா, மொட்டமாடிய பத்து ரவுண்டு ஓட விடவா?"

பையன் உடனே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்க வைத்தியந்தான் சார்," என்றாள் செண்பகவல்லி பெருமையாக. "நல்லா கேக்குது."

எபனேசர் சர்பத்தைப் பார்த்தார். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துவிட்டார்.

உயரம் தாண்டுகிற மீரான் முழங்காலில் உறை மாட்டியிருந்தான். நாற்காலியிலிருந்து எழுந்து வணக்கம் சொல்ல அவனுக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. வீங்கிய காலோடு ஒரு நாள் தாண்டச் சொன்னது யார் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

"தண்ணி வேண்டாமா? உபவாச ஜெபமா சார்?"

"அப்படி வச்சுக்கோ."

மூன்று மணிக்குள் எட்டு வீடு ஆகிவிட்டது. போன இடமெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. ஒருத்தி காலில் விழுந்தாள். ஒருவன் வாழைத்தார் கொடுத்தான். தண்ணீர்தான் கிடைக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மீதி நாலு பேரில் மூவர் வெளியூர். ஒருவன் இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். அவளிடம் எதையும் கேட்க எபனேசருக்கு வாய் வரவில்லை.

வண்டியை உருட்டிக்கொண்டு குடிநீர்த் தொட்டித் தெருவில் வந்தவர், நிழலுக்காக ஒரு சுவரோரம் ஒதுங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தார். காலி மனையில் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டில் நிற்பவர்கள் தொடுவதற்குள் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நடுவே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு பெண். முப்பத்தைந்து வயது சொல்லலாம். இடப்பக்கம் போவதுபோல் சாய்ந்து, வலப்பக்கம் பாய்ந்து, இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். நின்றவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"எபனேசர் சாரா?"

"ஆமா. யாரும்மா நீ?"

"இசக்கியம்மா சார். உங்க மொத பேட்ச்தான்."

அவர் மனசுக்குள் ஷீல்டுப் பட்டியலை ஓட்டிப் பார்த்தார். அப்படியொரு பேர் அதில் இல்லை.

"நீ எந்த ஈவெண்ட்?"

"வேப்பமரம் ஈவெண்ட்டு," என்று சொல்லி அவள் சிரித்தாள். "ஞாபகம் இல்லியா சார்? ஷீல்டு பிள்ளைங்க பன்னெண்டு பேரும் மைதானத்துல. தேறாததெல்லாம் மரத்தடியில போயி உக்காரு, சத்தம் போடாதன்னு சொல்லுவிய. நாங்க முப்பது பேரு."

"உக்காந்துதான இருந்தீங்க?"

"எங்க உக்காந்தோம்? மரத்துக்குப் பொறத்தால கோடு போட்டுக் கிளித்தட்டு ஆடுவோம். உங்க விசில் தூரத்துல கேட்டா ஆட்டம் நடக்கும். பக்கத்துல கேட்டா உக்காந்துருவோம். உங்க விசில்தான் சார் எங்களுக்குக் காவல்."

"நான் ஒரு நாளும் பாக்கலியே."

"ஒரே ஒரு நாளு பாத்துட்டிய. அஞ்சு ரவுண்டு ஓட விட்டிய. மறுநாளே திரும்பவும் ஆடினோம்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. பழக்கதோஷம், எபனேசர் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டார். எண்ணி முடித்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. கெசியாவின் நோட்டில் ஒரு நாளும் வராத பெரிய எண் அது.

"தினமும் ஆடுறியாம்மா?"

"ரேஷன் கடையில நாள் பூரா நிக்கேன் சார். சாயங்காலம் இங்க வந்தாத்தான் உடம்பு உடம்பா இருக்கும். நீங்க இருங்க, தண்ணி கொண்டாரேன். மொகம் வாடிப்போயி இருக்கிய."

செம்பு நிறையக் கொண்டு வந்தாள். எபனேசர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். சட்டையெல்லாம் நனைந்தது. கண்ணும் நனைந்திருந்தது. வெயிலென்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகப் பொட்டலுக்கு வந்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் ஒரு பந்துக்குக் காற்று அடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில தண்ணி குடுத்தது ஷீல்டு பிள்ள இல்ல?"

"இல்ல டீச்சர். நான் உக்கார வச்ச பிள்ள."

டீச்சர் பந்தை அமுக்கிப் பார்த்தார். இன்னும் நாலு முறை அடித்தார்.

"அப்ப வேகந்தான் தப்பா டீச்சர்? பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்கக் கூடாதா?"

"அந்தப் பிள்ளைக்கு வாங்கலியா?"

"வாங்கிச்சு. என் நோட்டுல இருக்கிறத விடக் கூட."

"பொறகு என்ன கேக்குத?"

எபனேசர் தரையைப் பார்த்தார். "கெசியாவ நான் என்ன செய்யட்டும்?"

"நாளைக்கு இங்க கூட்டிட்டு வா."

"நான் என்ன செய்யணும்?"

டீச்சர் பொட்டலின் ஓரத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு வேப்பமரம் நின்றது.

"அதுக்கடியில உக்காரு. சத்தம் போடாத."

மறுநாள் கெசியா ஈர ஷூவோடுதான் வந்தாள். நடக்கும்போது சதக் சதக் என்றது. விசிலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்த எபனேசர், மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

"ஷூ ஈரமா இருக்கு டீச்சர். என்னால ஓட முடியாது," என்றாள் கெசியா.

"கழட்டி வெயில்ல வையி. இங்க யாரும் ஷூ போடுததில்ல."

"நான் வெளையாட மாட்டேன்."

"சரி. அந்தா அந்தக் கோடு அழிஞ்சுபோச்சு. இந்த டப்பாவ வச்சுப் போடு."

கெசியா வெறுங்காலோடு போய்க் கோடு போட்டாள். நேராகவே போட்டாள். பிள்ளைகள் ஓடி ஓடி அதை அழித்தார்கள். திரும்பப் போட்டாள். மறுபடியும் அழிந்தது. மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோட்ட மிதிக்காதீங்கடி."

"மிதிக்கப்பிடாதுன்னா நீயே அதுல நின்னு எங்களப் பிடியேன்," என்றாள் ஒருத்தி, நாக்கைத் துருத்திக்கொண்டு.

கெசியா டப்பாவைக் கீழே வைத்தாள். கோட்டில் ஏறி நின்றாள். அந்தப் பெண் தாண்டினாள். கெசியாவால் தொட முடியவில்லை. இன்னொருத்தி தாண்டினாள். கெசியா ஓடினாள்.

எபனேசரின் கை தானாக நெஞ்சுக்குப் போய் விசிலைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. ஒரு தடவை அவள் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. இவர் பாதி எழுந்துவிட்டார். டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இவர் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் கெசியா மண்ணைத் தட்டிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருந்தாள். முகம் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. மூச்சு இரைத்தது. இரைத்துக்கொண்டே யாரையோ திட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் ஒரு மாசமாகக் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கெசியாதான் அவரைக் கிளப்பினாள். புதனும் அப்படியே. வியாழக்கிழமை மழை தூறியது, டீச்சர் வருவார்களா என்று நாலு தடவை கேட்டாள். சனிக்கிழமைக்குள் ஷூ ரெண்டும் கட்டிலுக்கடியில் மொறுமொறுவென்று காய்ந்து, மேலே தூசி படிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எபனேசருக்கு மனசு நிறைந்திருந்தது. மரத்தடியிலிருந்து எழுந்து டீச்சரிடம் போனார்.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் டீச்சர்."

"சாப்பாடு இருக்கட்டும். ஒன் வீட்டுல எனக்குத் தண்ணி கெடைக்குமா?"

எபனேசர் பெருமையோடு கோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கெசியா ஒருத்தியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"தாராளமா கெடைக்கும் டீச்சர்."

"அவளுக்குப் பன்னெண்டு வயசு. அவ வீட்டுத் தண்ணிய இருவது வருசம் கழிச்சு வந்து கேக்கேன்." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு யாரு வீட்டுக்கு வாரேன்னுதான் கேட்டேன்."

எபனேசர் திரும்பிப் பார்த்தார். பொட்டலின் ஓரத்தில் அவருடைய மொபெட் நின்றது. கோட்டில் யாரோ, ஒரு ஆள் குறைகிறது என்று டீச்சரிடம் கத்திச் சொன்னார்கள். டீச்சர் காதில் விழாதவர்போல் நின்றார்.

எபனேசர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.